மோட்டாரைக் கணினியில் வரைவதற்கு முன்



கிள்ளானில் ரயிலேறி, ஷா ஆலாம், சுபாங் ஜெயா வழியாகக் கோலாலம்பூருக்குப் போய்வருவது நமக்குப் புதிதன்று. கோயிலுக்கோ, துணிமணி வாங்கவோ, பிள்ளைகளைப் படிக்கும் இடத்தில் விட்டுவரவோ போகிறோம். பிரிக்பீல்ட்ஸை ஒட்டியுள்ள கே.எல். சென்ட்ரலில் இறங்குகிறோம். 1995-ஆம் ஆண்டு முதல் ஓடும் இந்தப் புறநகர் ரயிலை மின்சார மோட்டார்களே இழுக்கின்றன. அங்கிருந்து கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. வண்டிக்கு மாறுகிறோம். மேம்பாலத்து நிலையங்களில் நின்று கவனித்தால், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பட்டையான உலோகத் தகடு ஒன்று வழிநெடுகக் கிடப்பதைக் காணலாம். அதுவும் மோட்டாரின் ஒரு பாதிதான். அது எப்படி என்பதைப் பின்னர் பார்ப்போம்.

நம் தோட்டத்து ஆலையில் செம்பனைக் குலையை ஏற்றுவதும், எண்ணெயைப் பிழிவதும், வீட்டில் மின்விசிறியைச் சுற்றுவதும் மோட்டார்களே. ஒரு காலத்தில் இவற்றைத் தாளில் வரைந்து, சூத்திரம் போட்டு, செய்து பார்த்துத் திருத்தினார்கள். இன்று கணினியில் வரைந்து, அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே இரும்பை வெட்டுகிறார்கள். இதற்கென்றே பல மென்பொருள்கள் வந்துவிட்டன. மின்பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள், அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியோடு வீட்டுக்கு வருகிறார்கள். அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

இது படித்தவர்களின் பேச்சு, நமக்கென்ன என்று யாரும் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். இதில் வீட்டுப் பணமும் சேர்ந்திருக்கிறது.

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். தந்தை செம்பனை எண்ணெய் ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். மகன் மின்பொறியியல் மாணவர், கடைசி ஆண்டு. தந்தையின் ஆலையில் நாரை ஏற்றிச் செல்லும் கன்வேயரை இழுக்கும் மோட்டாரை எடுத்துக்கொண்டு, அதைக் கணினியில் ஆராய்வதுதான் அவருடைய இறுதித் திட்டப்பணி. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள்தான் வேண்டும், அதற்கேற்ற விலை உயர்ந்த கணினியும் வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். கடைக்காரர் ஒருவர், பூட்டு உடைத்த பிரதியைச் சில நூறு வெள்ளிக்குத் தருவதாகச் சொன்னார். கணினிக்காகத் தாயார் தம் கைவளையலை அடகுக் கடைக்கு எடுத்துப்போகத் துணிந்துவிட்டார். அந்த வளையல் என்ன ஆயிற்று என்பதைப் பேச்சின் முடிவில் சொல்கிறோம்.

முதலில், இந்த மென்பொருள் என்னதான் செய்கிறது?

மோட்டாரில் ஸ்டேட்டர் என்னும் நிற்கும் பகுதி உண்டு. ரோட்டர் என்னும் சுழலும் பகுதி உண்டு. இரண்டும் மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்யப்பட்டவை. தகட்டின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். சிறிய மோட்டார்களில் இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள காற்று இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் எழுந்து, அந்த இடைவெளியைத் தாண்டி ரோட்டரை இழுத்துச் சுழற்றுகிறது. காந்தம் எந்த இடத்தில் எவ்வளவு, இழுப்பு எவ்வளவு, வீணாகி வெப்பமாகும் மின்சாரம் எவ்வளவு என்று கண்டுபிடித்துச் சொல்வதே மென்பொருளின் வேலை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, சூத்திர வழி. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுகிறது. நான்கு துருவ மோட்டாரானால், 120-ஐ 50-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 1500 வருகிறது. அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். சுமையோடு ஓடும் ரோட்டர் அதைவிடச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய 1450 முறை சுழலும். இதை அறியக் கணினியே வேண்டியதில்லை; கையடக்கக் கணக்குப் பொறி போதும். இத்தகைய சூத்திரங்களை நூற்றுக்கணக்கில் கோத்து, சில நொடிகளில் விடை சொல்லும் மென்பொருள்களும் இருக்கின்றன.

மற்றொன்று, துண்டாக்கிப் பார்க்கும் வழி. ஒரு ரப்பர்த் தோட்டத்தின் விளைச்சலை அறிய வேண்டுமானால் என்ன செய்வோம்? மொத்தக் காட்டையும் ஒரே எண்ணால் அளப்பதில்லை. நிரை நிரையாகப் பிரித்து, ஒவ்வொரு நிரையின் பாலையும் அளந்து, பிறகு கூட்டுகிறோம். மேடு பள்ளம் உள்ள இடத்தில் நிரையைச் சிறிதாக்குகிறோம். அதைப் போலவே, மோட்டாரின் குறுக்கு வெட்டைக் கணினி ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. காந்தம் வேகமாக மாறும் காற்று இடைவெளியில் முக்கோணங்களைச் சிறிதாக்குகிறது. ஒவ்வொரு முக்கோணத்தின் கணக்கும் பக்கத்து முக்கோணத்தின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். அப்படி எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்த்து விடை சொல்கிறது.

இந்த முறையை மின் இயந்திரங்களுக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடிகள் கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் சில்வெஸ்டரும் எம்.வி.கே. சாரியும் ஆவர். 1970-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இரும்பு காந்தத்தால் நிறைந்து தெவிட்டிப்போகும் நிலையையும் கணக்கில் சேர்த்தது. இத்துறையில் யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவரின் பெயரும் நிலைத்திருக்கிறது. பேராசிரியர் ரத்னஜீவன் ஹூல், மின்காந்தக் கருவிகளைக் கணினியின் துணையால் ஆராய்ந்து வடிவமைப்பது பற்றி 1989-இல் ஆங்கிலத்தில் ஒரு பாடநூலை வெளியிட்டார். ஆகவே இது நமக்கு எட்டாத துறை என்று நம் பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருவோம். கடைக்குப் போய், "எது நல்ல கத்தி?" என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? "எதை வெட்ட?" என்றுதான் திருப்பிக் கேட்பார். பால் வெட்டும் கத்தி வேறு. குலை அறுக்கும் அரிவாள் வேறு. மென்பொருளும் அப்படித்தான். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நாம் கேட்கப்போகும் கேள்வியைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே மாணவர்கள் முதலில் ஒரு தாளில் தம் கேள்வியை எழுதிக்கொள்ளட்டும். பிறகு ஐந்து காரியங்களை எண்ணிப் பார்க்கட்டும்.

முதலாவது, சூத்திரமே போதுமா? மோட்டாரின் வேகம், ஏறக்குறைய எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எத்தனை சுற்றுக் கம்பி வேண்டும் என்பன போன்றவற்றுக்குப் பாடநூலே போதும். சாதாரண மோட்டார்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சூத்திரத்தாலும் அனுபவத்தாலும் செய்யப்பட்டு வந்தவையே.

ஆனால் சூத்திரம் தடுமாறும் இடங்களும் உண்டு. தொடக்கத்தில் சொன்ன எல்.ஆர்.டி. வண்டியை நினைவுகூருங்கள். 1998-இல் ஓடத் தொடங்கிய அந்தத் தடத்தில் இருப்பது நேர்கோட்டு மோட்டார். வட்டமான மோட்டாரை ஓரிடத்தில் அறுத்து, பாயைப் போல் விரித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். கம்பிச் சுருள் உள்ள பகுதி வண்டியின் அடியில் தொங்குகிறது. சுழல வேண்டிய பகுதி, தண்டவாளங்களுக்கு நடுவே தகடாகக் கிடக்கிறது. தகடு நகர முடியாது. ஆகவே வண்டி நகர்கிறது. வட்டத்துக்கு முனை இல்லை. விரித்த பாய்க்கோ முன்னும் பின்னும் முனை உண்டு. அந்த முனைகளில் காந்தப்புலம் குலைந்து, இழுப்புக் குறைகிறது. வண்டி வேகமெடுக்க எடுக்க இந்தக் குலைவு அதிகமாகிறது. காற்று இடைவெளியும் சுழலும் மோட்டாரில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. இதை எளிய சூத்திரத்தில் அடக்குவது கடினம். இங்கேதான் முக்கோண முறை தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

இரண்டாவது, தட்டையான படமா, முழு உருவமா? நீளமான உடலுள்ள மோட்டாரை எங்கே குறுக்கே வெட்டினாலும் ஏறக்குறைய ஒரே தோற்றந்தான். வாழைத்தண்டை நறுக்குவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தட்டையான ஒரு வெட்டுப் படமே போதும். அதிலும் நான்கு துருவ மோட்டாரானால் பெரும்பாலும் கால்பங்கை வரைந்தாலே போதும். மற்றவை அதன் மறுபதிப்பே. தட்டு வடிவ மோட்டாருக்கும், சுருளின் ஓரவளைவுகளை ஆராய்வதற்குமே முழு உருவம் தேவைப்படும். முழு உருவத்துக்குப் போனால் கணக்கு பல மடங்கு பெருகும். கணினியின் விலையும் கூடும்.

மூன்றாவது, நின்ற நிலையா, ஓடும் நிலையா? மோட்டார் ஓரிடத்தில் நின்றால் காந்தம் எப்படி இருக்கும் என்று மட்டும் அறிய வேண்டுமா? அல்லது அது ஓடத் தொடங்கும் முதல் விநாடியில் நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்று அறிய வேண்டுமா? பின்னதற்கு, காலத்தைத் துளித்துளியாக நகர்த்திக் கணக்கிடும் மென்பொருள் வேண்டும்.

நான்காவது, வெப்பம். மோட்டாரைக் கொல்வது பெரும்பாலும் வெப்பமே. சுருளின் வெப்பம் பத்துப் பாகை கூடினால், கம்பியின் மின்காப்பு ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் பழகிய கைக்கணக்கு. ஆகவே காந்தத்தோடு வெப்பத்தையும் கணக்கிடும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, செலவு. இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஃபெம் என்று மாணவர்கள் அழைக்கும் எஃப்.இ.எம்.எம். என்ற மென்பொருள் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொறியாளர் டேவிட் மீக்கர் எழுதி, யாவருக்கும் இலவசமாக வழங்கியது. தட்டையான வெட்டுப் படத்தில் காந்தத்தையும் வெப்ப ஓட்டத்தையும் கணக்கிடும். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். முழு உருவத்தை அது ஆராயாது. காலத்தைத் துளித்துளியாக நகர்த்துவதும் அதன் வேலையன்று. ஆனால் ரோட்டரைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் கணக்குப் போடச் சொல்லி ஆணை எழுதி வைக்கலாம். பட்டப்படிப்புக்கான திட்டப்பணிகள் பலவற்றுக்கு அதுவே போதுமானது. முழு உருவம் வேண்டுமானால், பின்லாந்து நாட்டில் உருவான எல்மர் என்ற மென்பொருளும் இலவசமே. ஆனால் அதைப் பழகப் பொறுமை வேண்டும்.

விலைக்கு வருபவற்றுள் ஜப்பானின் ஜேமேக், ஆன்சிஸ் மேக்ஸ்வெல், மோட்டார்-கேட், ஃபிளக்ஸ் ஆகியவை பெயர் பெற்றவை. மோட்டார்-கேட் என்பது மோட்டார்களுக்கென்றே செய்யப்பட்டது. காந்தத்தையும் வெப்பத்தையும் சேர்த்து விரைவாகக் கணக்கிடும். இவை நல்ல கருவிகள்தாம். தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகும்போது இவற்றை அறிந்திருப்பது உதவும். ஆனால் இவற்றின் உரிமக் கட்டணம் தொழில் நிறுவனங்களுக்கு ஏற்றது, குடும்பங்களுக்கு ஏற்றதன்று. ஆகவே மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியது தம் கல்விக்கூடத்தைத்தான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் பல, இத்தகைய உரிமங்களை ஏற்கனவே வாங்கி வைத்திருக்கின்றன. ஆன்சிஸ் நிறுவனம் மாணவர்களுக்கென்று இலவசப் பதிப்பு ஒன்றையும் தருகிறது. அதில் கணக்கின் அளவுக்கு வரம்பு உண்டு, அவ்வளவுதான்.

பூட்டு உடைத்த பிரதியைப் பற்றியும் ஒரு சொல். அது 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு மாறானது. அதனுள் கணினியைக் கெடுக்கும் நச்சுநிரல் ஒளிந்திருக்கலாம். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எந்தக் கருவியைக் கொண்டு இந்த விடையைக் கண்டீர் என்று ஆசிரியர் கேட்டால், பிள்ளை தலைகுனிய நேரும். நாம் வெயிலிலும் மழையிலும் உழைத்துப் படிக்க வைப்பது அதற்காக அன்று.

சரி, இவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்று ஆலையில் ஓடுகிறது. அதன் திறன் நூற்றுக்கு 88 என்று வைத்துக்கொள்வோம். அது இழுக்கும் மின்சாரம் 8.52 கிலோவாட். நல்ல வடிவமைப்பால் திறன் 91 ஆனால், இழுப்பது 8.24 கிலோவாட். வேறுபாடு 0.28 கிலோவாட்தான். ஆனால் ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால், மிச்சமாவது ஏறக்குறைய 1,680 யூனிட். ஒரு யூனிட் 50 சென் என்று கணக்குக்காக வைத்தால், 840 வெள்ளி. ஒரே மோட்டாரில், ஒரே ஆண்டில் இவ்வளவு. ஓர் ஆலையில் எத்தனை மோட்டார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் குடும்பத்துக்குத் திரும்புவோம்.

பிள்ளை தம் கேள்வியைத் தாளில் எழுதிப் பார்த்தார். "இந்த மோட்டார் ஏன் அடிக்கடி சூடேறி எரிகிறது?" என்பதுதான் கேள்வி. அதற்கு முழு உருவம் வேண்டியதில்லை. தட்டையான வெட்டுப் படமும் வெப்பக் கணக்கும் போதும். இலவச மென்பொருளை இறக்கி, வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியிலேயே ஓட்டினார். முக்கோணங்களை இன்னும் சிறிதாக்கிப் பார்த்தார், விடை மாறவில்லை. ஆகவே கணக்கு உறுதியானது என்று அறிந்தார். மோட்டாரின் மேலுடல் 65 பாகை வெப்பத்தில் இருக்கும், கவலைக்கு இடமில்லை என்று கணினி சொன்னது.

அதைக் கேட்ட தந்தை சொன்னாராம்: "தம்பி, அந்த மோட்டார் பக்கத்துல நின்னாலே அனல் அடிக்கும். உன் கணக்குல எங்கேயோ தப்பு இருக்கு."

ஆலை நிர்வாகத்தின் அனுமதி பெற்று, சார்ஜ்மேன் முன்னிலையில் வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். 80 பாகைக்கு மேல் காட்டியது. தவறு மென்பொருளில் இல்லை. மோட்டாரின் மேலுள்ள வரிவரியான விளிம்புகள் காற்றுப் பட்டுக் குளிர்வதற்காக அமைந்தவை. செம்பனை நாரும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அவற்றை மெத்தைபோல் மூடியிருந்தன. பிள்ளை கணினிக்குச் சொன்னதோ புத்தம் புதிய, துடைத்து வைத்த மோட்டாரை. கேட்டதற்கு அது சரியாகவே விடை சொன்னது. கேட்ட கேள்விதான் ஆலையைப் பார்க்காத கேள்வி. நார் மூடிய நிலையைக் கணக்கில் சேர்த்ததும், கணினியின் விடை வெப்பமானியை நெருங்கி வந்தது. வாரந்தோறும் அந்த விளிம்புகளைத் துப்புரவு செய்ய வேண்டும் என்பதே திட்டப்பணியின் முடிவுரை ஆயிற்று.

பால் கொட்டகையில் வாளியை நிறுத்துப் பார்ப்பதோடு நாம் நிறுத்துவதில்லை. மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்க்கிறோம். எடை மட்டும் உண்மை சொல்லாது என்பது நமக்குத் தெரியும். கணினித் திரையில் வண்ணமயமாகத் தோன்றும் படமும் வாளியின் எடை போன்றதே. அதையும் ஒரு மிதவைக் கருவியால் சோதிக்க வேண்டும். மோட்டாருக்கு அந்தக் கருவி வெப்பமானி, மின்னோட்டமானி, சுழல்வேகமானி. அவற்றோடு, ஆண்டுக்கணக்கில் அதன் அருகில் நின்றவரின் அனுபவம்.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். பிள்ளைகள் மென்பொருளைப் பற்றிப் பேசும்போது, நமக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கிவிட வேண்டாம். "உன் கேள்வி என்ன? பள்ளியிலே இது இருக்கிறதா? இலவசமாகக் கிடைக்கிறதா? விடை சரிதானா என்று எதை வைத்துப் பார்ப்பாய்?" இந்த நான்கையும் கேளுங்கள். இவற்றைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆலையில் உழைக்கும் தந்தையிடமும் மாமாவிடமும், மோட்டார் எப்போது சூடேறுகிறது, எப்போது சத்தம் மாறுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மென்பொருளிலும் அது எழுதி வைக்கப்பட்டிருக்காது.

அந்தத் தாயாரின் வளையல் அடகுக் கடைக்குப் போகவே இல்லை. பிள்ளையின் பட்டமளிப்பு விழாவுக்கு அவர் அதை அணிந்துகொண்டுதான் போனார்.